ஆன்லைன் இங்கிலீஷ் காம்போசிஷன் வகுப்பு: மார்க் எங்கே வருகிறது, எங்கே போகிறது? (அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்)

டெக்சஸில் ஒரு கம்யூனிட்டி காலேஜில் ஆன்லைனில் இங்கிலீஷ் 1301 நடத்துகிறேன். ஒவ்வொரு செமஸ்டரும் இரண்டு மூன்று தமிழ்ப் பெயர்கள் பட்டியலில் இருக்கும். பள்ளியில் படித்துக்கொண்டே காலேஜ் கிரெடிட் சேர்க்கும் பிள்ளைகள், வேலை விசாவில் இருப்பவரின் குடும்பத்துக்குக் கிடைக்கும் ஹெச்-4 விசாவில் வந்து பல வருடம் கழித்து மறுபடி படிக்க உட்காரும் அக்காக்கள், ஊரிலிருந்து நேராக வந்து இறங்கியவர்கள் என்று எல்லா வகையும். அவர்களும் அவர்கள் வீட்டாரும் கேட்பது கிட்டத்தட்ட ஒரே கேள்விகள்தான், வாட்ஸ்அப்பில் தனித்தனியாகத் தட்டித் தட்டி விரல் தேய்ந்துவிட்டதால் மொத்தமாக இங்கே எழுதிவிடுகிறேன். விதிகள் கல்லூரிக்குக் கல்லூரி, ஏன் ஒரே கல்லூரியில் ஆசிரியருக்கு ஆசிரியர் மாறும். உங்கள் சிலபஸ் ஒன்று சொல்லி நான் வேறு சொல்லியிருந்தால் சிலபஸ் சொல்வதுதான் சரி.

இந்த 1301 என்பது என்ன? கட்டாயம் எடுக்க வேண்டுமா?

டெக்சஸ் அரசுக் கல்லூரிகளில் பெரும்பாலானவற்றுக்குப் பொதுவான பாட எண் இது. எந்த இளங்கலைப் பட்டம் படித்தாலும் முடிக்க வேண்டிய 42 கிரெடிட் பொதுப்பாடங்களில் 6 கிரெடிட் எழுத்து, பேச்சு சார்ந்தது. அதில் முதல் படி 1301, பெரும்பாலும் அடுத்தது 1302. ஃப்ளோரிடாவில் இதே பாடத்துக்கு இஎன்சி 1101 என்று பெயர், வேறு பல இடங்களில் இங்கிலீஷ் 101. கம்ப்யூட்டர் சயின்ஸ் படிக்க வந்தவனுக்கு எதற்கு இங்கிலீஷ் என்று கேட்பவர்களுக்கு ஒரு தகவல், ஹார்வர்டில் முதலாண்டு மாணவர்களுக்கு இப்படி ஓர் எழுத்துப் பாடத்தைக் கட்டாயமாக்கியது 1885-ல். அன்றிலிருந்து இந்தக் கேள்வியும் கேட்கப்பட்டுக்கொண்டுதான் இருக்கும்.

வாரத்துக்கு எத்தனை மணி நேரம் ஆகும்? ஆன்லைன் என்றால் ஈசிதானே?

மூன்று கிரெடிட் பாடத்துக்கு 48 மணி நேர வகுப்பு, அதற்கு இரண்டு மடங்கு வீட்டு வேலை என்பது வழக்கமான கணக்கு. மொத்தம் 144 மணி நேரம். 16 வாரத்துக்குப் பிரித்தால் வாரம் 9, எட்டு வார வகுப்பு எடுத்தால் வாரம் 18. இந்தப் பதினெட்டைப் பார்த்ததும் பலர் முகம் சுருங்கும், "சீக்கிரம் முடிந்துவிடும்" என்று நினைத்து எட்டு வார வகுப்பில் சேர்ந்திருப்பார்கள். முடிவது சீக்கிரம்தான், வேலை குறையவில்லை. முழு நேர வேலை, கைக்குழந்தை, கூட இன்னொரு பாடம் என்று இருப்பவர்கள் தயவுசெய்து 16 வாரம் எடுங்கள்.

நேரம் கிடைக்கும்போது பார்த்துக்கொண்டு, கடைசியில் மொத்தமாக அனுப்பலாமா?

முடியாது. எந்த மணிக்கு உட்கார்வது என்பது உங்கள் இஷ்டம், எந்த வாரம் முடிப்பது என்பது உங்கள் இஷ்டம் இல்லை. ஒவ்வொரு ஞாயிறு இரவு 11:59-க்கும் ஏதாவது ஒன்று போய்ச் சேர வேண்டும். பாடம் நடக்கும் கேன்வாஸ் என்ற தளத்தில் உள்ளே நுழைந்து பார்த்தது வருகையாகாது, அமெரிக்க மத்திய அரசின் கல்வி உதவி விதிகளும் அதைத்தான் சொல்கின்றன. எதையாவது எழுதி அனுப்பினால், வினாடி வினா செய்தால், பாடத்தைப் பற்றிக் கேள்வி கேட்டால்தான் கணக்கு. முதல் வாரத்தில் அறிமுகப் பதிவு ஒன்று கேட்பார்கள், "இது என்ன சின்னப்பிள்ளை விளையாட்டு" என்று விட்டவர்களில் சிலர் வகுப்புக்கே வராதவர் என்று பட்டியலிலிருந்து நீக்கப்பட்டுப் பிறகு பதறியிருக்கிறார்கள்.

இன்னொன்று, லீவுக்கு ஊருக்குப் போகிறவர்களுக்கு. டாலஸ் ஞாயிறு இரவு 11:59 என்பது சென்னையில் திங்கள் காலை 10:29. நவம்பர் முதல் ஞாயிறன்று இங்கே கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் தள்ளுவார்கள், அதற்குப் பிறகு 11:29. கேன்வாஸுக்கு ஜெட்லாக் புரியாது.

மார்க் எப்படிப் போடுகிறீர்கள்?

என் வகுப்புக் கணக்கையே தருகிறேன். நான்கு கட்டுரைகள்: 10, 15, 15, கடைசியாக ஆராய்ச்சிக் கட்டுரைக்கு 25. ஆக 65 சதவீதம். டிஸ்கஷன் 15, டிராஃப்டும் (முதல் வரைவு) பீர் ரிவ்யூவும் (சக மாணவரின் வரைவைப் படித்துக் கருத்துச் சொல்வது) சேர்த்து 10, வினாடி வினா 5, செமஸ்டர் முடிவில் எழுதும் சுயமதிப்பீடு 5. தொண்ணூறுக்கு மேல் ஏ, எண்பதுக்கு மேல் பி, எழுபதுக்கு மேல் சி. டி வாங்கினாலும் பாஸ்தான் என்றாலும், வேறு பல்கலைக்கழகத்துக்கு மாறும்போது பெரும்பாலும் சி-யாவது கேட்பார்கள், அதனால் எழுபதுதான் உண்மையான பாஸ் மார்க் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது இரண்டு பேரைக் கற்பனை செய்வோம். முதலாமவர் நன்றாக எழுதுவார், கட்டுரைகளில் சராசரி 88. ஆனால் டிஸ்கஷனில் பாதிதான் போட்டார், டிராஃப்ட் ஒன்றுகூட அனுப்பவில்லை, மற்றதெல்லாம் முழு மார்க். கூட்டினால் 57.2, 7.5, 0, 5, 5; மொத்தம் 74.7. அதாவது சி. இரண்டாமவருக்கு இங்கிலீஷ் தடுமாறுகிறது, கட்டுரைச் சராசரி 78. ஆனால் ஒரு வாரம்கூட விடாமல் எல்லாவற்றையும் செய்தார். 50.7-உம் 35-உம் சேர்த்து 85.7, பி. என் வகுப்பில் இந்த இரண்டு பேரும் எல்லா செமஸ்டரும் இருப்பார்கள், முதலாமவர்தான் கடைசி வாரத்தில் எனக்கு மெயில் போடுவார்.

எனக்கு இங்கிலீஷ் கிராமர் வீக். ஃபெயில் ஆகிவிடுவேனா?

நான் பார்த்தவரை கிராமரால் விழுந்தவர்களைவிட, அனுப்ப வேண்டியதை அனுப்பாமல் விழுந்தவர்கள்தான் பல மடங்கு. ரூப்ரிக் என்று ஒரு மதிப்பெண் அட்டவணை ஒவ்வொரு கட்டுரையோடும் இருக்கும், எழுத ஆரம்பிக்கும் முன்பே அதைத் திறந்து பாருங்கள். என் அட்டவணையில் மையக் கருத்து, ஆதாரம், ஒழுங்கு ஆகிய மூன்றுக்கும் சேர்த்து எழுபது மார்க். மேற்கோள் முறைக்கு பதினைந்து, நடைக்கும் பிழையின்மைக்கும் பதினைந்து.

ஏ, தி என்ற ஆர்ட்டிகிள்கள் தமிழில் இல்லாத சமாச்சாரம், அதில் நாம் எல்லோரும் சறுக்குவோம், நான் இன்றும் சறுக்குவேன். அங்கங்கே ஒரு தி விட்டுப்போனதற்காக யாரும் சி போடுவதில்லை. வாக்கியம் என்ன சொல்கிறது என்றே புரியாமல் மூன்று முறை படிக்க வைத்தால்தான் மார்க் இறங்கும். கல்லூரி ரைட்டிங் சென்டரை உபயோகியுங்கள், கட்டணம் தனியாகக் கிடையாது, ஜூமிலும் கிடைக்கும். ஆனால் "இதைத் திருத்திக் கொடுங்கள்" என்று தாளை நீட்டினால் செய்ய மாட்டார்கள். உங்களோடு உட்கார்ந்து, இந்தப் பத்தி எதற்கு இங்கே இருக்கிறது என்று குடைவார்கள். அந்தக் குடைச்சல்தான் உதவி.

பள்ளியில் கட்டுரையில் முதல் மார்க் வாங்கியவள் நான். இங்கே முதல் கட்டுரைக்கு 68 போட்டிருக்கிறார்கள். ஏன்?

இந்தக் கேள்விக்குக் கொஞ்சம் நிதானமாகப் பதில் சொல்ல வேண்டும், ஏனென்றால் தப்பு உங்களுடையது இல்லை.

நாம் படித்தது வேறு ஆட்டம். முன்னுரை, பொருளுரை, முடிவுரை. குறிப்புச் சட்டம் கொடுத்திருப்பார்கள், அதிலிருக்கும் தலைப்புகளைக் கறுப்பு மையில் எழுதி அடிக்கோடிட்டு, கீழே நிரப்புவோம். தொடக்கத்தில் ஒரு குறள், நடுவில் ஒரு பாரதி, முடிவில் "நாமும் பின்பற்றி நாட்டை உயர்த்துவோம்". அடிஷனல் ஷீட் எத்தனை வாங்கினாய் என்பதுதான் ஹாலை விட்டு வெளியே வந்ததும் முதல் கேள்வி. எல்லோருக்கும் தெரிந்த நல்ல கருத்தை அழகாகச் சொல்கிறாயா என்று பார்த்த பரீட்சை அது, அதற்கு அது சரி.

இங்கே எல்லோருக்கும் தெரிந்த கருத்தைச் சொன்னால் மார்க் கிடையாது. மனித குலம் தோன்றிய காலத்திலிருந்து என்று ஆரம்பிக்கும் முன்னுரையை நான் அப்படியே அடித்துவிடுவேன், அடுத்த பத்தியில்தான் கட்டுரை தொடங்கியிருக்கும். மேற்கோளைக் கொண்டுவந்து வைத்துவிட்டு நகர்ந்துவிட முடியாது, அது உங்கள் வாதத்துக்கு எப்படி உதவுகிறது என்று உங்கள் வார்த்தையில் இரண்டு வரியாவது விளக்க வேண்டும். நான்கு பக்கம் கேட்ட இடத்தில் ஏழு பக்கம் எழுதினால் உழைப்பாகத் தெரியாது, எதை வெட்டுவது என்று தெரியவில்லை என்றுதான் தெரியும். முதல் கட்டுரைக்கு நான் 10 சதவீதம் மட்டும் வைத்திருப்பதே இதற்காகத்தான், அந்த 68-ல் மொத்தத்தில் உங்களுக்குப் போனது 3.2 மார்க்.

தீசிஸ் தீசிஸ் என்கிறார்களே, அது என்னதான்?

யாராவது மறுத்துப் பேசக்கூடிய ஒரு வாக்கியம், கட்டுரை முழுக்க அதை நிரூபிக்கத்தான். நம் பட்டிமன்றத் தலைப்பான "வரமா சாபமா" பாணியில் "செல்போனில் நன்மையும் உண்டு தீமையும் உண்டு" என்று எழுதினால் யார் மறுக்கப் போகிறார்கள்? டெக்சஸில் 2025-ல் பள்ளி நேரத்தில் போனைத் தடை செய்து சட்டம் வந்தது. அதை வைத்து, "தடை கவனத்தைக் கூட்டலாம், ஆனால் இங்கிலீஷ் இன்னும் வசப்படாமல் போனில் மொழிபெயர்த்துப் பாடம் பார்க்கும் பிள்ளைகளுக்கு மாற்று ஏற்பாட்டைப் பள்ளிகள் முதலில் செய்திருக்க வேண்டும்" என்று ஒரு மாணவர் எழுதினால் அது தீசிஸ். நான் ஒத்துக்கொள்ள வேண்டும் என்று அவசியமே இல்லை. என் கருத்துக்கு எதிராக எழுதி ஏ வாங்கியவர்கள் நிறைய.

டிராஃப்ட் எதற்கு? நேரடியாக ஃபைனலே கொடுத்துவிடுகிறேனே.

முதல் முறை எழுதியதையே கடைசி என்று நினைப்பதை உடைக்கத்தான் இந்தப் பாடமே. டிராஃப்டுக்கும் ஃபைனலுக்கும் நடுவே நாலு காற்புள்ளியை மாற்றினால் அது திருத்தம் ஆகாது. ஒரு பத்தியைத் தூக்குவது, ஆதாரத்தை மாற்றுவது, தீசிஸையே திருப்பிப்போடுவது, அதுதான். பீர் ரிவ்யூவில் "நன்றாக இருக்கிறது, வாழ்த்துகள்" என்று எழுதினாலும் மார்க் இல்லை. மனசு நோகும் என்று நினைத்துத்தான் நம்மவர்கள் அப்படி எழுதுகிறார்கள், தெரியும். எந்த இடத்தில் குழம்பினேன் என்று சொல்வதுதான் அவருக்குச் செய்யும் உதவி.

டிஸ்கஷன் போர்டில் என்ன எழுதுவது?

புதன்கிழமைக்குள் உங்கள் பதிவு, ஞாயிற்றுக்கிழமைக்குள் இரண்டு பேருக்குப் பதில். "நானும் அப்படித்தான் நினைக்கிறேன்" பதில் ஆகாது. வாசித்த கட்டுரையில் ஓர் இடத்தைக் குறிப்பிட்டுப் பேசுங்கள். அவ்வளவுதான்.

எம்.எல்.ஏ. என்றால்?

தொகுதிப் பக்கமே வராதவர் இல்லை. மாடர்ன் லாங்குவேஜ் அசோசியேஷன் வகுத்த மேற்கோள் முறை, இப்போது நடப்பது 2021-ல் வந்த ஒன்பதாம் பதிப்பு. ஒரு அங்குல ஓரம், இரட்டை வரி இடைவெளி, படிக்க எளிதான எழுத்துரு, கடைசியில் நீங்கள் எடுத்தாண்டவற்றின் பட்டியல். பர்டியூ பல்கலைக்கழகத்தின் ஆன்லைன் ரைட்டிங் லேப் தளத்தில் எல்லாம் மாதிரியோடு இலவசமாக இருக்கிறது, நான் கூட சந்தேகம் வந்தால் அங்கேதான் போவேன். சைக்காலஜி, நர்சிங் பக்கம் போனால் ஏ.பி.ஏ. கேட்பார்கள், அது வேறு மேற்கோள் முறை.

இதில் நமக்கென்றே ஒரு சிக்கல். ஒவ்வொரு பக்கத்தின் வலது மேல் மூலையிலும் "கடைசிப் பெயர்", பக்க எண் போட வேண்டும். நமக்கேது கடைசிப் பெயர்? இனிஷியலை விரித்து அப்பா பெயரைப் பாஸ்போர்ட்டில் போட்டிருப்பார்கள். கல்லூரிப் பதிவில் எது கடைசிப் பெயராக இருக்கிறதோ அதையே போடுங்கள், அப்பா பெயரில் பக்கம் பக்கமாகக் கட்டுரை போகட்டும், அவரும் சந்தோஷப்படுவார்.

கட்டுரையை மற்ற எழுத்துகளோடு ஒப்பிடும் டர்னிட்டின் மென்பொருளில் 24 சதவீதம் என்று காட்டுகிறது. காப்பி அடித்ததாக அர்த்தமா?

இல்லை. வேறு எங்கோ இருக்கும் எழுத்தோடு எவ்வளவு ஒத்துப்போகிறது என்பது மட்டும்தான் அந்த எண். மேற்கோள் குறிக்குள் முறையாகப் போட்டதும், கடைசிப் பட்டியலும்கூட அதில் சேரும். 24 இருந்தும் பிரச்சினை இல்லாமல் இருக்கலாம், 6 இருந்தும், அந்த ஆறும் ஒரே பத்தியாக, மூலம் சொல்லாமல் எடுத்ததாக இருந்தால் மாட்டிக்கொள்ளலாம். வார்த்தைகளை மட்டும் மாற்றிவிட்டு மூலத்தைச் சொல்லாமல் விடுவதும் திருட்டுதான், இது நம் ஊர் நோட்ஸ் பழக்கத்தில் வளர்ந்தவர்களுக்குச் சட்டென்று பிடிபடாது. போன செமஸ்டரில் வேறு பாடத்துக்கு எழுதிய உங்கள் சொந்தக் கட்டுரையையே மறுபடி கொடுப்பதும் கேட்காமல் செய்யக் கூடாது.

சாட்ஜிபிடி உபயோகிக்கலாமா? தமிழில் எழுதி கூகிளில் மொழிபெயர்த்துக் கொடுக்கலாமா?

ஆசிரியரைக் கேளுங்கள், எழுத்தில் பதில் வாங்குங்கள். தலைப்பு யோசிக்க மட்டும் அனுமதிப்பவர்கள் இருக்கிறார்கள், தொடவே கூடாது என்பவர்கள் இருக்கிறார்கள், இலக்கணம் திருத்தும் கிராமர்லியைக்கூடச் சேர்த்துத் தடை செய்பவர்களும் உண்டு. என் வகுப்பில் யோசிக்கும் கட்டத்தில் சரி, நீங்கள் கொடுக்கும் வாக்கியங்கள் உங்களுடையவையாக இருக்க வேண்டும். மனதில் தமிழில் யோசிப்பதை யார் தடுக்க முடியும், தாளில் தமிழில் குறிப்பு எடுங்கள், திட்டம் போடுங்கள், நல்லதுதான். முழுக் கட்டுரையையும் எந்திரம் மொழிபெயர்த்தால் நான் மார்க் போடுவது எந்திரத்தின் இங்கிலீஷுக்கு.

சரி, நான் சொந்தமாக எழுதியதையே ஏ.ஐ. என்று சந்தேகப்பட்டால்? நியாயமான பயம். சாட்ஜிபிடி வந்தது 2022 நவம்பர் 30, டர்னிட்டின் அதன் ஏ.ஐ. கண்டுபிடிப்பானை இறக்கியது 2023 ஏப்ரலில். அதே வருடம் ஸ்டான்ஃபோர்ட் ஆராய்ச்சியாளர்கள் இப்படிப்பட்ட ஏழு கருவிகளில், இங்கிலீஷைத் தாய்மொழியாகக் கொள்ளாதவர்கள் எழுதிய 91 டோஃபல் கட்டுரைகளைப் போட்டுப் பார்த்தார்கள். சராசரியாக 61 சதவீதத்தை எந்திரம் எழுதியது என்று அந்தக் கருவிகள் தவறாகச் சொல்லின. எளிய சொற்களும் யூகிக்கத்தக்க வாக்கியங்களும்தான் அவற்றின் கண்ணுக்கு எந்திரமாகத் தெரிகின்றன, இரண்டாம் மொழியில் எழுதுகிறவர்கள் அப்படித்தானே எழுதுவோம். வாண்டர்பில்ட் பல்கலைக்கழகம் 2023 ஆகஸ்டில் டர்னிட்டினின் அந்தக் கருவியை அணைத்தே வைத்துவிட்டது.

அதனால் ஒரு காப்பு செய்துகொள்ளுங்கள். கூகிள் டாக்ஸிலோ வேர்டின் ஆன்லைன் பதிப்பிலோ ஆரம்பம் முதல் எழுதுங்கள், எந்த நாள் எந்த வரி சேர்ந்தது என்ற வரலாறு அதில் தானாக நிற்கும். கேள்வி வந்தால் அதைக் காட்டலாம், டிராஃப்டைக் காட்டலாம், ஜூமில் வந்து இந்தப் பத்தியை ஏன் இப்படி எழுதினேன் என்று பேசலாம். சொந்தமாக எழுதியவருக்கு ஐந்து நிமிடம் போதும்.

லேட்டாகக் கொடுத்தால்?

என்னிடம் ஒரு நாளுக்கு 10 சதவீதம் குறையும், மூன்று நாளுக்குப் பிறகு வாங்க மாட்டேன். ஆஸ்பத்திரி, மரணம் போன்றவற்றுக்கு விலக்கு உண்டு, ஆனால் முடிந்தால் முன்கூட்டியே இரண்டு வரி எழுதுங்கள். பாதி முடித்த கட்டுரையாக இருந்தாலும் அனுப்புங்கள். 50 மார்க் மோசம்தான், பூஜ்யம் அதைவிட ரொம்பவே மோசம்: 25 சதவீதக் கட்டுரைக்குப் பூஜ்யம் என்றால் மற்ற எல்லாவற்றிலும் நூற்றுக்கு நூறு வாங்கினாலும் 75-தான்.

கட்டுரை கொடுத்து பத்து நாள் ஆகிறது, இன்னும் மார்க் வரவில்லையே?

எழுத்து வகுப்பில் 15 பேர்தான் இருப்பது நல்லது, 20-ஐத் தாண்டக் கூடாது என்பது கல்லூரி எழுத்து ஆசிரியர் அமைப்பின் பரிந்துரை. என் வகுப்பில் 24, அப்படி ஐந்து வகுப்பு. 120 கட்டுரை, ஒன்றுக்கு இருபது நிமிடம் என்றாலே 40 மணி நேரம். புலம்பவில்லை, கணக்கு சொல்கிறேன். வந்த பிறகு மார்க்கை மட்டும் பார்த்துவிட்டு மூடாதீர்கள், ஓரத்தில் எழுதிய குறிப்பை யார் திறந்து பார்க்கிறார்களோ அவர்களுடைய அடுத்த கட்டுரையில் அது தெரிகிறது.

மெயில் எப்படி எழுதுவது?

"ரெஸ்பெக்டட் சார்" வேண்டாம், நான் சார் இல்லை என்பது ஒரு பக்கம் இருக்கட்டும். புரொஃபசர் என்று போட்டு அவர் கடைசிப் பெயர் போதும். தலைப்பில் பாட எண்ணும் பிரிவு எண்ணும், கீழே எந்த அசைன்மென்ட், என்ன சந்தேகம். "டூ த நீட்ஃபுல்" என்று முடித்தால் இங்கே பலருக்கு என்ன செய்ய வேண்டும் என்றே புரியாது.

என் மகனுக்குப் பதினாறு வயது, பள்ளியிலிருந்தே இந்தப் பாடம் எடுக்கிறான். மார்க் எப்படி என்று உங்களிடம் கேட்கலாமா?

கேட்கலாம், நான் சொல்ல முடியாது. ஃபெர்பா என்று 1974-ல் வந்த ஒரு சட்டம், கல்லூரியில் சேர்ந்துவிட்டால் வயது எவ்வளவு என்றாலும் பதிவுகளின் மீதான உரிமை மாணவருடையது. பெற்றோருக்குத் தர சில விதிவிலக்குகள் உண்டு, அதெல்லாம் கல்லூரி அலுவலகம் முடிவு செய்வது. "நான் அவன் அம்மா, பெற்ற எனக்கு உரிமை இல்லையா" என்று போனில் அழுதவர்கள் உண்டு, சங்கடமாகத்தான் இருக்கும். எளிய வழி, அவனையே கேன்வாஸைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். அவன் பெயரில் நீங்கள் மெயில் எழுதாதீர்கள், நடை பார்த்தாலே தெரிந்துவிடும்.

எஃப்-1 மாணவர் விசாவில் இருக்கிறேன். எல்லாப் பாடத்தையும் ஆன்லைனில் எடுக்கலாமா?

கூடாது. முழு நேர மாணவர் என்ற கணக்கில் ஒரு செமஸ்டருக்கு ஒரே ஓர் ஆன்லைன் பாடம், மூன்று கிரெடிட் வரைதான் சேரும். பதிவு செய்வதற்கு முன் சர்வதேச மாணவர் அலுவலகத்தில் கேளுங்கள், என்னைக் கேட்காதீர்கள். ஹெச்-4-க்கு இந்தக் கட்டுப்பாடு இல்லை.

சரிப்பட்டு வரவில்லை என்றால் விட்டுவிடலாமா?

16 வார செமஸ்டரில், கல்லூரி நடக்கும் நாட்களில் பன்னிரண்டாவது நாளுக்குள் விலகினால் டிரான்ஸ்கிரிப்ட் என்ற மதிப்பெண் பதிவில் தடமே இருக்காது. அதற்குப் பிறகு என்றால் விலகியவர் என்று காட்டும் டபிள்யூ விழும். டெக்சஸ் அரசுக் கல்லூரிகளில் 2007 இலையுதிர் பருவத்திலோ அதற்குப் பிறகோ முதல் முறை சேர்ந்தவர்கள் இளங்கலை முடிப்பதற்குள் மொத்தம் ஆறு பாடங்களைத்தான் இப்படி விடலாம், பலருக்கு இது தெரியாது. கல்வி உதவி வாங்குபவர்கள் பணத்தைத் திருப்ப வேண்டி வருமா என்று முதலில் விசாரியுங்கள். சும்மா காணாமல் போவதுதான் எல்லாவற்றிலும் கெட்ட வழி, எஃப் விழும்.

கேன்வாஸில் 92 காட்டியது, திடீரென்று 71 ஆகிவிட்டது. யாரோ மார்க்கை மாற்றிவிட்டார்களா?

இல்லை. மார்க் போட்டவற்றை மட்டும் வைத்துத்தான் கேன்வாஸ் மொத்தம் காட்டும். நீங்கள் கொடுக்காமல் விட்டவை வெறும் கோடாக இருந்திருக்கும், ஆசிரியர் அதில் பூஜ்யம் போட்டதும் உண்மையான எண் வெளியே வந்தது. மார்க் பக்கத்திலேயே ஊகமாக ஓர் எண்ணைப் போட்டுப் பார்க்கும் வசதி இருக்கிறது, விட்டவற்றுக்கெல்லாம் பூஜ்யம் போட்டுப் பாருங்கள்.

89.4 வந்திருக்கிறது. ஒரு 0.6 போட்டு ஏ ஆக்கித் தர மாட்டீர்களா?

மாட்டேன். ஒருவருக்குப் போட்டால் 79.4-க்கும் 69.4-க்கும் போட வேண்டும். என் வகுப்பில் செமஸ்டருக்கு 12 டிஸ்கஷன், ஒன்றுக்கு 1.25 மார்க். மூன்றாம் வாரத்தில் நீங்கள் ஒன்று போடவில்லை, இப்போதுதான் பார்த்தேன்.